குழாய் இருந்த இடம்

லாண்டரி வேலையை விட்டு வந்த பிறகு என்னை எவரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. போன தை மாதம் அங்கே புதிதாக வந்திருக்கும் மேனேஜர் பிரவீன் போன் செய்தபோது, பழைய சாவி ஏதாவது என்னிடம் தங்கிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"சரோஜாக்கா, இப்ப மருந்தெல்லாம் பம்பே எடுத்து மிஷினுக்குள்ள விட்டுடுது. அதனால புதுசா வந்த பொண்ணுங்களுக்குப் பயமே இல்லாமப் போச்சு. கேன்ல ஒட்டியிருக்கிறதப் படிச்சுக் காட்டினா கொட்டாவி விடுறாங்க. நீங்க ஒரு தடவ வந்து நடந்ததச் சொல்லுங்கக்கா."

நடந்ததை என்றான். எது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் லாண்டரியில் நடந்தது என்றாலே எங்களோடு வேலை பார்த்த அமுதாவின் கண்தான். ஆனால் அதில் நாலு பேருக்கு மேல் தெரியாத ஒரு பகுதி உண்டு. அது வெளியே வந்தால் அமுதாவுக்கும் அவள் சிநேகிதி கோமதிக்கும் நடுவில் மிச்சமிருந்ததும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன்.

திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடக் கரைப் பக்கம் இருக்கிறது அந்த லாண்டரி. திருச்சியிலிருந்து ஆஸ்பத்திரித் துணி வரும். ஸ்ரீரங்கத்திலிருந்து லாட்ஜுத் துணி வரும். ஆஸ்பத்திரித் துணியில் ரத்தம், லாட்ஜுத் துணியில் குங்குமமும் சந்தனமும் எண்ணெயும். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் நடக்க வழி இருக்காது. முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. துணி பிரித்தேன், எண்ணினேன், முதுகு வலித்தது. அப்புறம் மிஷின் பக்கம் மாற்றினார்கள். அங்கேதான் ஆரோக்கியசாமி சார் இருந்தார்.

சார் எங்களுக்கு மேனேஜர். ஒல்லியான மனிதர். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார், அத்தனை இரைச்சலிலும் அவர் பேசுவதைக் கேட்க நாங்கள்தான் பக்கத்தில் போக வேண்டும். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரையும் அம்மா போட்டுக் கூப்பிடுவார். 'ஜாக்கிரதை' என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. "ஜாக்கிரதையா இருன்னு சொல்றதுல என்னம்மா இருக்கு? கையை எங்க வைக்கணும், காலை எங்க வைக்கணும்னு சொல்லணும்" என்பார். அப்படித்தான் சொன்னார், வருஷக்கணக்கில், ஒரே சொற்களில், எங்களுக்குக் காது புளிக்கும்வரை.

வீட்டில் போடும் சோப்புத்தூளை நினைத்துக்கொண்டு அங்கே வரும் பொடியைத் தொடக் கூடாது. அதில் காஸ்டிக் இருக்கும். நாங்கள் சுருக்கமாகக் காரம் என்போம். ஈரக் கையில் பட்டால் வழுவழுவென்று இருக்கும். சோப்பு என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். "அது சோப்பு வழுக்கல்லம்மா, உங்க தோல் கரையுது" என்று அவர் சொன்ன அன்றிலிருந்து கையுறை இல்லாமல் நான் டிரம்மைத் திறந்ததில்லை. தண்ணீரில்தான் பொடியைப் போட வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வெளுப்புக்குப் போடும் ஹைப்போ ஒரு சுவர் ஓரம், கடைசி அலசலுக்குப் போடும் புளிப்பு எதிர்ச் சுவர் ஓரம். இரண்டும் கலந்தால் வருகிற புகை நெஞ்சை அடைத்துவிடும். "மாமியாரும் மருமகளும் மாதிரி, தனித்தனிக் குடித்தனம்" என்று கோமதி சொல்வாள். சார் சிரிக்க மாட்டார். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு அதையே அவரும் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தப் புளிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காடி மாதிரி ஒரு வாடை அடிக்கும் மருந்து அது. துணியில் காரம் தங்கிவிட்டால் படுத்திருக்கும் நோயாளிக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதனால் கடைசி அலசலில் புளிப்பு விட்டுக் காரத்தை முறிப்போம். முறிந்ததா என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. ஈர விரிப்பின் ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் கரைசலை வைப்போம். காரம் இருந்தால் மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறும். புளிப்பு விட்டு அலசினால் சிவப்பு போய் மறுபடி மஞ்சளாகும். ஒவ்வொரு நடைக்கும் இதைப் பார்ப்போம். சிவப்பு, புளிப்பு, மஞ்சள். கோயிலில் மணி அடிப்பவருக்குக் கை தானாக அசைவதுபோல அது எங்கள் கையில் ஊறிப்போயிருந்தது.

சார் வைத்த இன்னொரு பழக்கம் குழாய். மருந்து டிரம்களிலிருந்து நாலைந்து எட்டில் ஒரு தண்ணீர்க் குழாயைப் போட்டு, அதற்குக் கீழே வாளி வைக்கக் கூடாது, பக்கத்தில் துணி வண்டி நிறுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். அது கண்ணுக்காக மட்டும். திங்கட்கிழமை காலையில் ஒவ்வொருவராகக் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு, நிற்கும் இடத்திலிருந்து அந்தக் குழாயைத் தொட வேண்டும். தொட்டதும் திறந்து, குனிந்து, இமையை விரலால் பிரித்துத் தண்ணீரைக் காட்ட வேண்டும். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் காட்ட வேண்டும் என்பார். "வேற எதுவும் வேணாம். எண்ணெய் வேணாம், பால் வேணாம். தண்ணி. தண்ணி மட்டும்." நாங்கள் அதைக் கண்ணாமூச்சி ஆட்டம்போல ஆக்கிவிட்டோம். ஒருத்தி போகும்போது மற்றவர்கள் "சாஞ்சு போறடி, வலது பக்கம் வா" என்று கத்துவோம். அமுதாதான் எப்போதும் முதலில் தொடுவாள்.

அமுதா மண்ணச்சநல்லூர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அரிசி மில்லில் வேலை பார்த்தவள். புருஷன் ஆட்டோ ஓட்டினான், மேலூரில் வீடு, ஒரு பையன். ஈர விரிப்பு மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கித் தோளில் போடுவாள். அவளுக்கு நேர் எதிர் கோமதி. திருவானைக்காவலில் தனியாக இருந்தாள். குச்சி மாதிரி உடம்பு, ஓயாத வாய். இருவரும் ஒரே மிஷினில். சாப்பாட்டு டப்பாவை ஒருத்தி திறந்தால் இன்னொருத்தி கை உள்ளே போகும். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

சார் ஓய்வு பெற்றுப் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனார். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவருக்கு இடம்தான் கண்ணுக்குத் தெரியும், இடத்தில் நிற்கிற ஆள் தெரியாது. விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய ரோலர் மிஷின் ஒன்று வாங்கினார். அதை வைக்க இருந்த ஒரே இடம் அந்தக் குழாய் இருந்த இடம்.

அப்போது நான் சூப்பர்வைசர். சொன்னேன். "குழாயை எடுத்துடலக்கா, டிரையருக்குப் பின்னால மாத்திப் போட்டுத் தரேன். பத்தடி தள்ளித்தானே?" என்றார். போட்டும் தந்தார். புதுக் குழாயில் தண்ணீர் நன்றாகவே வந்தது. ஆனால் அங்கே துணி வண்டிகள் நின்றன. திங்கட்கிழமைப் பழக்கத்துக்கு, "அதெல்லாம் இருபது நிமிஷம் வேஸ்ட்டுக்கா" என்றார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நாங்களும் சலித்துத்தான் போயிருந்தோம். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஐப்பசி மழை. ஈரக் காற்றில் காரப் பொடி டிரம்முக்குள் கட்டி தட்டிக் கல்லாகிவிட்டது. அமுதா கரண்டியால் குத்திப் பார்த்தாள், அசையவில்லை. ஆஸ்பத்திரித் துணி காத்துக் கிடந்தது. பக்கத்தில் சுடுதண்ணீர் இருந்தது. கட்டி இளகட்டும் என்று ஒரு மக் சுடுதண்ணீரை டிரம்முக்குள் ஊற்றினாள். எது கூடாதென்று நூறு முறை கேட்டிருந்தாளோ அதையேதான். பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. நீராவியில் மங்கிவிடுகிறது என்று எல்லாரும் அங்கேதான் வைத்திருந்தார்கள்.

நான் துணி எண்ணும் பக்கம் இருந்தேன். டிரம்மிலிருந்து ஒரு சீறல் கேட்டது, அப்புறம் அமுதாவின் குரல். திரும்பிப் பார்த்தேன். இந்த ஜன்மத்தில் மறக்காத காட்சி அது. முகம் முழுக்க வெள்ளைக் குழம்பு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு விநாடிகூடத் தடுமாறாமல், திங்கட்கிழமைகளில் நடந்த அதே நடையில், சரியான திசையில், சரியான எட்டுகளில் நடந்தாள். கையை நீட்டினாள். கையில் ரோலர் மிஷினின் தகரம் பட்டது. அவள் தடவினாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். "குழா எங்க? கோமதி, குழா எங்கடி?" என்றாள். அவள் உடம்பு குழாய் அங்கேதான் இருக்கிறது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது. சூடான தகரத்தை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

கோமதியின் பக்கத்தில், கடைசி அலசலுக்காகப் புளிப்பு கரைத்த வாளி இருந்தது. நான் வண்டிகளை விலக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் அவள் அந்த வாளியில் மக்கை முக்கி அமுதாவின் தலையைத் தூக்கிக் கண்ணில் ஊற்றினாள். மறுபடி முக்கினாள், மறுபடி ஊற்றினாள். காடி வாடை என் மூக்கில் ஏறியபோதுதான் அது என்னவென்று புரிந்தது. வாளியைக் காலால் எட்டி உதைத்தேன்.

"காரத்தப் புளிப்பு முறிக்கும்லக்கா?" என்றாள் கோமதி. "மஞ்சளாயிடும்லக்கா?"

மிஷினை அலசும் ஹோஸை இழுத்து அமுதாவைத் தரையில் உட்கார வைத்து, இமையைப் பிரித்து, மெதுவாகத் தண்ணீர் விட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். சின்ன முதலாளி ஓடி வந்து, "என்னக்கா பண்றீங்க, முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று கத்தினார். இன்னும் தண்ணீர் காட்ட வேண்டும் என்றேன். கண் போய்விட்டால் நீங்கள்தான் பொறுப்பு என்றார். நாலு பேர் சேர்ந்து காரில் ஏற்றிவிட்டார்கள். கையில் கிடைத்த தண்ணீர் பாட்டில்களை அள்ளிக்கொண்டு நானும் கோமதியும் ஏறினோம். காவேரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. மடியில் அவள் தலையை வைத்து ஒவ்வொரு பாட்டிலாகக் கண்ணில் விட்டேன். சீட்டெல்லாம் நனைந்தது. பாலம் முடிவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஆற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வி, என்ன பட்டது. சொன்னேன். அடுத்தது, "தண்ணி தவிர வேற ஏதாவது ஊத்தினீங்களா?" கோமதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. டாக்டர் அம்மாவைத் தனியே வெளியே அழைத்துப் போய்ச் சொன்னேன். மருத்துவத்துக்காகச் சொல்லத்தான் வேண்டும். பிறகு கேட்டேன், அதனாலா என்று. "எது எவ்வளவு கெடுத்துதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. காரமே போதும், புளிப்பும் சேர்ந்தா கண்ணுக்குள்ளயே சூடு கிளம்பும். ஆனா அந்த முதல் நிமிஷங்கள்ல தண்ணி மட்டும் ஊத்தியிருந்தா..." என்று நிறுத்தினார். அந்த வாக்கியத்தை அவர் முடித்திருக்கலாம். முடிக்காமல் விட்டதால் எத்தனையோ ராத்திரி நானே அதை விதவிதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன்.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் உருவமும் தெரியும், முகம் தெரியாது. பெங்களூருக்குப் போன் செய்து சாரிடம் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "குழாய் அங்கயே இருந்துச்சாம்மா?" இல்லை என்றேன். ஏதாவது திட்டுவார் என்று காதில் போனை வைத்துக்கொண்டே நின்றேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

லாண்டரியில் அடுத்த வாரமே எச்சரிக்கைப் பலகை வந்தது, புதுக் கண்ணாடிகள் வந்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். அன்றைக்கு அந்தப் பழமொழியைக் கேட்டு எனக்கு அவர் கன்னத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது.

அமுதாவிடம் எவரும் புளிப்பைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் கோமதிக்கும் சின்ன முதலாளிக்கும் அந்த டாக்டருக்கும்தான் தெரியும். மற்றவர்கள் வாளியில் இருந்தது தண்ணீர் என்றே நினைத்துக்கொண்டார்கள். அமுதாவும் அப்படித்தான் பேசினாள். "கோமதி மட்டும் உடனே தண்ணி ஊத்தலன்னா இந்த ஒரு கண்ணும் போயிருக்கும்க்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு கோமதி காய் நறுக்குவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அமுதா வீட்டுக்குப் போய்விடுவாள். தலைவாரி விடுவாள், சமைத்து வைப்பாள், பொழுது சாய்ந்ததும் கையைப் பிடித்துக் காவேரிக் கரைக்குக் கூட்டிப் போவாள். புருஷன் வேலைக்கும் பையன் விளையாடவும் போனபின் அந்த வீட்டுக்கு வேறு ஆள் கிடையாது. ஒருநாள் தெருமுனையில் கோமதி என்னிடம், "அவ என்னைப் புகழும்போதெல்லாம் செத்துப் பொழைக்கிறேன்க்கா. ஆனா போகாம இருக்க முடியல. அவளுக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வாசப்படிய மிதிப்பேன்?" என்றாள். நான் இருக்கும்வரை தெரியாது என்று சொன்னேன். சொன்னது நான்தான்.

தை மாதம் போனேன். இன்னும் அங்கேயே வேலையில் இருந்த கோமதிக்கு அன்று விடுமுறை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன். பதினைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சுடுதண்ணீரைச் சொன்னேன், நெற்றியில் இருந்த கண்ணாடியைச் சொன்னேன், தகரத்தைத் தடவிய கையைச் சொன்னேன். தண்ணீர் மட்டும் என்றேன். புளிப்பைச் சொல்லவில்லை. எழுந்திருக்கப் போன நேரத்தில் ஒரு பெண், நல்ல சூட்டிகையான பெண், கேட்டாள்: "அக்கா, பட்டது காரம்தானே? பக்கத்துல புளிப்பு இருந்தா அத ஊத்தினா உடனே முறிஞ்சிடாதா? துணிக்கு அப்படித்தானே பண்றோம்?"

நாலைந்து தலைகள் ஆமாம் என்று அசைந்தன. பம்ப் வந்து, பலகை வந்து, எல்லாம் வந்தும் அதே எண்ணம் அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தது. கூடாது என்று மட்டும் சொன்னால் போதாது என்று எனக்குத் தெரியும். சாரும் எங்களிடம் தண்ணி மட்டும் என்றுதான் சொன்னார், கண்ணில் புளிப்பு ஏன் கூடாது என்று சொன்னதில்லை. அதனால் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. உயிருக்கு உயிரான சிநேகிதி ஒருத்தி மக்கை முக்கி முக்கி ஊற்றினாள், அந்த நிமிஷங்கள்தான் போயின என்று சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பின் வரிசையில் ஒரு போன் நிமிர்ந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

சாயங்காலமே அந்த வீடியோ லாண்டரி வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. கோமதியும் அந்தக் குரூப்பில் இருந்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேலூருக்கும் போகவில்லை. நான் திருவானைக்காவலுக்குப் போய்ப் பார்த்தேன், வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டதாகவும் வீட்டைக் காலி செய்யப் போவதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என் போனை அவள் எடுக்கவில்லை, இன்றுவரை எடுக்கவில்லை.

நேரே அமுதா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலை சரியாக வாராமல் இருந்தது. காலடிச் சத்தத்தைக் கேட்டு, "கோமதியா?" என்றாள். நான்தான் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, அமுதா உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"வேணாம்க்கா. வீடியோவ எங்க வீட்டுக்காரரு போட்டுக் காமிச்சாரு, கேட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் அமுதா. கோமதி தெரியாம..."

"அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "வாயில வழிஞ்சிச்சே, புளிச்சிச்சே. தெனம் அந்த வாடையிலதானே நின்னேன், எனக்குத் தெரியாதா? தண்ணின்னு நான்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவ வரமாட்டா. அவளப் பத்தி எனக்குத் தெரியாதா?"

திருப்பூருக்கே போய் அவளை அழைத்து வருகிறேன் என்றேன். உளறினேன். மறுபடி அப்படி ஒரு பெண் எழுந்து அதே கேள்வியைக் கேட்டால் மறுபடியும் சொல்லத்தான் சொல்வேன் என்று எனக்கே தெரிகிறது, இதில் கோமதியிடம் என்ன மன்னிப்புக் கேட்பது?

அமுதா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது தப்பில்லக்கா. அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரிஞ்சுதான் ஆகணும். ஆனா கண்ணு போன பெறகும் எனக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."